காரின் பழுதுக் குறியீடுகள்: தருமபுரி, கிருஷ்ணகிரி கார் உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கார் வைத்திருப்பவர்கள் பட்டறையில் எங்களிடம் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறோம். செக் இன்ஜின் விளக்கு எரிந்த நிலையில் எங்களிடம் வரும் பல கார்களில் அதற்கு முன்பே ஏதாவது ஒரு சென்சார் மாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் விளக்கு அணைந்திருப்பதில்லை. அந்த வீண் செலவைத் தவிர்க்க உதவுவதே இப்பக்கத்தின் நோக்கம்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டுமா?

மஞ்சள் விளக்கு சீராக எரிந்து, வண்டியின் இழுவையும் சத்தமும் வழக்கம்போல இருந்தால், வேகத்தைக் குறைத்து வீடு வரையோ பட்டறை வரையோ ஓட்டிச் செல்லலாம். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. இன்ஜின் மிஸ் அடித்து, எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். மின்னுவது நிற்காவிட்டால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். சில நூறு ரூபாய் ஸ்பார்க் பிளக்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, பல ஆயிரம் ரூபாய் கன்வெர்ட்டரில் போய் நிற்பது இப்படித்தான்.

சிவப்பு விளக்குகள் தனி வகை. ஆயில் அழுத்த விளக்கோ வெப்பநிலை விளக்கோ சிவப்பாக எரிந்தால் சாலையோரம் ஒதுக்கி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்ற கணக்கு இங்கே உதவாது.

ஸ்கேனர் காட்டும் எழுத்துக்கும் எண்களுக்கும் என்ன பொருள்?

ஒரு குறையைக் கண்டதும் காரின் கம்ப்யூட்டர் ஒரு பழுதுக் குறியீட்டைப் பதிந்துவைக்கும்; அதைப் படித்துக் காட்டும் கருவிதான் ஸ்கேனர். ஒவ்வொரு குறியீடும் ஓர் ஆங்கில எழுத்தையும் நான்கு இலக்கங்களையும் கொண்டது. எழுத்து பகுதியைச் சொல்கிறது: இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரு பிரிவு, பிரேக் முதலிய சேசிஸ் அமைப்புகள் இன்னொரு பிரிவு, ஏர்பேக், ஏசி போன்ற பாடி அமைப்புகள் மூன்றாவது, கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தகவல் தொடர்பு நான்காவது. இப்பக்கத்தில் 'பி' (ஆங்கில P) என்று தொடங்குபவை எல்லாம் முதல் பிரிவைச் சேர்ந்த இன்ஜின் குறியீடுகளே. எழுத்தை அடுத்து வரும் இலக்கம் 0 என்றால் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் அந்தந்த நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் பி1 குறியீட்டுக்கு இன்னொரு நிறுவனத்தின் விளக்கத்தை இணையத்தில் படித்துவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. மூன்றாவது இடம் எரிபொருளும் காற்றும், இக்னிஷன், புகைக் கட்டுப்பாடு, வேகமும் ஐடிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலை), கம்ப்யூட்டர், கியர் என்று உட்பிரிவைக் காட்டும். பி0302 என்றால் இன்ஜின், பொதுக் குறியீடு, இக்னிஷன் பிரிவு, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று படித்துவிடலாம்.

என்னுடைய கார் பழையது. அதில் ஸ்கேனர் வேலை செய்யுமா?

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 என்னும் பழுதறியும் முறை கட்டாயமானது. பாரத் ஸ்டேஜ் 4 விதி நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில்; பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே 2017க்குப் பிறகு வாங்கிய காரில் பொது ஸ்கேனர் வேலை செய்யும் என்று நம்பலாம். அதற்கு முந்தைய சில கார்களில் அதே 16 துளை சாக்கெட் இருந்தாலும், நிறுவனத்தின் சொந்த ஸ்கேனரோடு மட்டுமே அது பேசும்.

சாக்கெட் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம், ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால்களுக்கு மேலே இருக்கும். ஸ்கேனர் உயிர் பெறவே இல்லை என்றால் ஸ்கேனரைக் குறை சொல்வதற்கு முன் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் அந்தச் சாக்கெட்டுக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். மட்டமான மொபைல் சார்ஜர் ஒன்று அதை எரித்திருக்கக்கூடும்.

நானே ஒரு ஸ்கேனர் வாங்கிக்கொள்ளலாமா?

தாராளமாக வாங்கலாம். மொபைலோடு புளூடூத் வழியாக இணையும் சிறிய அடாப்டரே இன்ஜின் குறியீடுகளைப் படிக்கவும், லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் தரும் எண்களைப் பார்க்கவும் போதும். ஏபிஎஸ், ஏர்பேக் குறியீடுகள் பெரும்பாலும் அதில் வராது. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் தனியாக இயக்கிப் பார்ப்பது போன்ற சோதனைகளையும் அது செய்யாது. வாங்கினால் படித்து முடித்தவுடன் கழற்றிவிடுங்கள். செருகியபடியே வாரக்கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கும்.

ஸ்கேனரை விட முக்கியமானது ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். குறியீடு எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். பழுது எது என்று உறுதி செய்வது மீட்டர்தான்.

குறியீட்டில் சென்சாரின் பெயர் வந்தால் அந்தச் சென்சாரை மாற்ற வேண்டியதுதானே?

எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, மிக அதிகப் பணம் வீணாவதும் இங்கேதான். கம்ப்யூட்டருக்குச் சென்சார் தெரியாது. ஒரு வயரில் வந்து சேரும் மின்னழுத்தம் மட்டுமே தெரியும். அந்த மின்னழுத்தம் எதிர்பார்த்த எல்லையைத் தாண்டினால் குறியீட்டைப் பதிகிறது. சென்சார் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் பச்சைத் துரு பூத்திருக்கலாம், எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேரும் இணைப்பு) விட்டிருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் குறியீடு ஒன்றுதான்.

கூலண்ட் வெப்பநிலை சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வயர்கள் உண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஏறத்தாழ 20 டிகிரியில் 2,000 ஓமுக்கு மேல் இருக்கும் மதிப்பு 80 டிகிரியில் சில நூறு ஓமாக இறங்கிவிடும். வயர் அறுந்தால் மின்னழுத்தம் உச்சத்துக்கு ஏறும், பி0118 பதிவாகும், லைவ் டேட்டாவில் வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டும். வயர் எர்த்தில் உரசினால் மின்னழுத்தம் விழும், பி0117 வரும், வெப்பநிலை 130க்கும் மேலே நிற்கும். தேன்கனிக்கோட்டை மலையிலும் மைனஸ் 40 டிகிரிக் குளிர் இல்லை என்பதால், அந்த எண்ணைக் கண்டவுடனே சர்க்யூட் திறந்திருக்கிறது என்று முடிவுக்கு வரலாம்.

இதை வைத்தே சென்சாரா வயரா என்று சில நிமிடங்களில் பிரித்துவிட முடியும். பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெட்ரோல் காரில் பி0118 குறியீடு. சாவியைத் திருப்பியவுடன் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். வேறோர் இடத்தில் புதுச் சென்சார் போட்டும் தீரவில்லை. கப்ளரைக் கழற்றினோம், மைனஸ் 40 மாறவில்லை. கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தோம். வயர்கள் நன்றாக இருந்தால் எண் அப்போதே 130க்கு மேல் தாவியிருக்க வேண்டும், தாவவில்லை. பிறகு சிக்னல் வயரை மட்டும் இன்ஜின் எர்த்தில் தொட்டோம். அப்போதும் எண் அசையவில்லை. எர்த் வயர் மட்டும் அறுந்திருந்தால் இங்கே எண் தாவியிருக்கும்; ஆகவே கப்ளருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் சிக்னல் வயரே அறுந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. பேட்டரித் தட்டுக்குப் பின்னால் வயரிங் வளையும் இடத்தில் டேப்பைப் பிரித்தபோது, வைக்கோலும் காய்ந்த மாவிலையும் சேர்த்து எலி கட்டிய கூடு இருந்தது. அதன் அடியில் பிளாஸ்டிக் உறை பாதி கடிபட்டு, உள்ளே செம்பு முழுவதும் துண்டாகியிருந்தது. ஈயம் வைத்து ஒட்டி, வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போட்டதோடு வேலை முடிந்தது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. முனைகளை இணைத்துப் பார்க்கும் சோதனையை இரண்டு வயர் வெப்பநிலை சென்சாரில் மட்டுமே செய்ய வேண்டும். மூன்று வயர் சென்சாரிலோ, இன்ஜெக்டரிலோ, மஞ்சள் கப்ளர் கொண்ட ஏர்பேக் சர்க்யூட்டிலோ ஒருபோதும் செய்யக் கூடாது. பழுது கண்டவுடன் சில கார்களின் கம்ப்யூட்டர் தானே ஒரு மாற்று எண்ணை வைத்துக்கொள்ளும் என்பதால், அந்த மாடலின் சர்வீஸ் விளக்கத்தைப் பார்த்துவிட்டே எண்களை நம்ப வேண்டும்.

எலி கடிக்காமல் இருக்க என்ன செய்வது?

மாந்தோப்பிலோ, வைக்கோல் போர், மாட்டுத் தீவன மூட்டைக்கு அருகிலோ இரவில் நிறுத்துவதைத் தவிர்ப்பதுதான் உறுதியான வழி. வேறு இடம் இல்லாதவர்கள் இரவில் பானெட்டைத் திறந்து வைக்கலாம். வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். நாட்கணக்கில் எடுக்காத வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள்.

ஒரே நேரத்தில் ஏழெட்டுக் குறியீடுகள் வந்திருக்கின்றன. எதில் தொடங்குவது?

பேட்டரியில் தொடங்குங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறியீடுகள் கூட்டமாக வந்தால், ஏழெட்டுப் பாகங்கள் ஒரே நாளில் கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவு. மின்சாரம் சரியாக வரவில்லை என்று நினைப்பதே பொருத்தம். இன்ஜின் ஓடாமல் சில மணி நேரம் நின்றபின் பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இது சற்று ஏறி இறங்கலாம்.

அடுத்தது எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்ஜினுக்குப் போகும் எர்த் கேபிள் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருக்கிறது. கழற்றித் தேய்த்து இறுக்கிய பிறகு குறியீடுகளை அழித்து ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை திரும்பி வருவதில்லை.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்னும் யு0100 போன்ற குறியீடு மட்டும் நிலையாக நின்றால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு, ஸ்கேனர் சாக்கெட்டின் 6ஆம் துளைக்கும் 14ஆம் துளைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். கம்ப்யூட்டர்களை இணைக்கும் கேன் லைன் அந்தத் துளைகளோடு நேரடியாக இணைந்த கார்களில் 60 ஓம் அளவு காட்டினால் லைன் முழுமையாக இருக்கிறது. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இன்ஜின் மிஸ் அடிக்கிறது, பி0302 காட்டுகிறது. செலவில்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள காராக இருந்தால் இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டுங்கள். குறியீட்டை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302 அப்படியே இருந்தால் அதே முறையில் ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்பது கடைசி வரை தெரியாது.

பி0300 என்றால் மிஸ் ஒரு சிலிண்டரில் நிற்காமல் எல்லாவற்றிலும் மாறி மாறி வருகிறது. அப்போது காயிலைத் தேடாமல், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான எரிபொருள் அழுத்தத்தையும் காற்றுக் கசிவையும் பாருங்கள். வாட்டர் வாஷ் செய்த மறுநாள் மிஸ் வந்தால் பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தாலே போதும். சிஎன்ஜி கிட் பொருத்திய கார்களில், பெட்ரோலில் நன்றாக ஓடி வாயுவில் மட்டும் மிஸ் அடித்தால், தேய்ந்த பிளக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வாயுவைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதால் அங்கே குறை முதலில் வெளிப்படும்.

பி0171 வருகிறது. பெட்ரோலில் கலப்படமா?

காற்றின் அளவுக்கு எரிபொருள் குறைவாக இருக்கிறது என்பதே இதன் பொருள். லைவ் டேட்டாவில் ஃப்யூயல் ட்ரிம் என்றொரு எண் இருக்கும். கம்ப்யூட்டர் வழக்கத்தை விட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ எரிபொருள் கொடுக்கிறது என்பதை அது காட்டும். கூட்டலிலும் கழித்தலிலும் 10க்குள் இருந்தால் கவலையில்லை. 20ஐத் தாண்டிக் கூட்டலில் நின்றால் குறியீடு வரும் கட்டத்தில் இருக்கிறீர்கள்.

ஐடிலில் ஒரு முறையும், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து ஒரு முறையும் பாருங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து, வேகம் கூட்டினால் இயல்புக்கு வந்தால் மேனிஃபோல்டில் எங்கோ காற்று புகுகிறது: வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், பழைய கேஸ்கெட். வேகம் கூடக் கூட ட்ரிமும் ஏறினால் எரிபொருள் வரத்து குறைவு. ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப்பின் தளர்ச்சி. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்கு இந்த வேறுபாடு அப்படியே பொருந்தும். நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். அங்கே காற்றுக் கசிவு ட்ரிமில் தெரிவதை விட ஐடில் ஏறி நிற்பதாகவே பெரும்பாலும் தெரியும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் இதே குறியீடு பொய்யாக வரும்.

கிரானைட் குவாரி, ஜல்லி கிரஷர் பக்கம் தினமும் போகும் கார்களில் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் தூசி படிந்து காற்றைக் குறைத்துக் காட்டும். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். துணியோ பிரஷ்ஷோ படக் கூடாது. எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர்களைப் பொருத்துவதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கலப்படத்தைப் பொறுத்தவரை, இப்போது விற்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் எத்தனாலோடு ஆக்சிஜனும் சேர்ந்து வருவதால், பழைய கார்களில் ட்ரிம் சில சதவீதம் கூடுவது இயல்பே. அது மட்டுமே குறியீட்டைக் கொண்டுவராது. ஏற்கெனவே ஒரு சிறு கசிவால் விளிம்பில் நிற்கும் காரை அது எல்லைக்கு அப்பால் தள்ளக்கூடும்.

"நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு வேண்டாம், கழற்றிவிடலாம்" என்கிறார்கள். சரியா?

தவறு. பல காலமாக நம் பகுதியில் நடக்கும் வேலை இது. பழைய இன்ஜின்களில் பெரிய கேடு தெரியவில்லை என்பதால் பழக்கமாகிவிட்டது. இன்றைய இன்ஜின் ஏறத்தாழ 90 டிகிரியில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. அந்தச் சூடு வரும் வரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பதே இந்த வால்வின் வேலை. வால்வைக் கழற்றினால் குறித்த நேரத்தில் அந்தச் சூட்டை எட்டாமல் பி0128 வரும். இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் குறையும். டீசல் காராக இருந்தால் புகை ஃபில்டரைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கவே தொடங்காது. ஓசூர், தேன்கனிக்கோட்டையின் குளிர்ந்த காலைகளில் இந்தக் குறை இன்னும் விரைவாக வெளிப்படும்.

சூடு ஏறுகிறதே என்றால் அதற்கான காரணத்தைத் தேட வேண்டும். இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடும் உப்பும் மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். நாம் குடிக்கத் தயங்கும் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். அந்த உப்பு உள்ளே ஓடாகப் படிந்து குழாய்களை அடைக்கிறது, சென்சாரின் முனையிலும் படிந்து அளவைத் தாமதப்படுத்துகிறது. நேரடியாக ஊற்றும் ரெடிமிக்ஸ் கூலண்ட் ஒரு கேன் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பூர் கணவாயில் ஏறும்போது டீசல் காரில் இழுவை போய், விளக்கு எரிகிறது. சமதளத்தில் சரியாக இருக்கிறது. ஏன்?

முழுச் சுமையோடு மேடு ஏறும்போதுதான் டர்போவும் டீசல் பம்ப்பும் தங்கள் முழுத் திறனைக் காட்ட வேண்டியிருக்கிறது. சமதளத்தில் மறைந்திருக்கும் குறை அங்கே தெரிகிறது. இரண்டு குறியீடுகளில் ஒன்றைப் பெரும்பாலும் காணலாம். பி0299 என்றால் டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை. டர்போவை மாற்றச் சொல்வதற்கு முன், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். கிளாம்ப்புக்கு அடியில் கறுப்பான எண்ணெய்ப் பிசுக்கு ஒரு கோடாகத் தெறித்திருந்தால் காற்று வெளியேறும் இடம் அதுதான். பலமுறை ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில்தான் விரிசல் இருக்கும்.

பி0087 என்றால் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் காமன் ரெயில் குழாயில் டீசல் அழுத்தம் குறைகிறது. டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினோம் என்று யோசிக்க வேண்டியது முதல் வேலை. அதன் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பது இரண்டாவது. கேனில் வாங்கி வைத்த டீசலை ஊற்றும் பழக்கம் இருந்தால் தண்ணீரும் தூசியும் அங்கிருந்து வரலாம். அதன் பிறகே இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை, அதன் பிறகே பம்ப்.

இந்த இடத்தில் ஃப்ரீஸ் ஃப்ரேம் மிகவும் கைகொடுக்கும். குறியீடு பதிவான அந்த நொடியில் இன்ஜின் சுற்று, சுமை, வேகம், சூடு ஆகியவை என்னவாக இருந்தன என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். ஆகவே அழிப்பதற்கு முன் அதை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிபிஎஃப் (டீசல் புகை ஃபில்டர்) விளக்கு எரிகிறது. ஃபில்டரையே எடுத்துவிடலாமா?

எடுக்கக் கூடாது. புகைக் கட்டுப்பாட்டுப் பாகத்தை அகற்றுவது சட்டப்படி குற்றம். கரும்புகை நம் தெருவிலும் நம் பிள்ளைகளின் மூச்சிலும்தான் போய்ச் சேரும்.

ஃபில்டரில் சேரும் கரியை ஏறத்தாழ 600 டிகிரிச் சூட்டில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஏற்பாடு காரிலேயே இருக்கிறது. அதற்குச் சீரான வேகத்தில் இடைவிடாத ஓட்டம் தேவை. ஓசூர் நகருக்குள் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் கார்களுக்கு அது கிடைப்பதில்லை. விளக்கு புதிதாக எரிந்திருந்தால், டேங்கில் போதிய டீசல் வைத்துக்கொண்டு, நான்குவழிச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சீராக இருபது நிமிடம் அளவுக்கு ஓட்டினாலே பல கார்களில் அணைந்துவிடும். சரியான நிபந்தனைகள் உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். அந்த ஓட்டம் முடிந்தவுடன் காய்ந்த புல், சருகின் மேல் நிறுத்தாதீர்கள். அடிப்பகுதி மிகச் சூடாக இருக்கும்.

கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது என்னும் பி2463 பதிவாகி, இழுவையும் குறைந்துவிட்டால் சாலை ஓட்டம் போதாது. ஸ்கேனர் வழியே கட்டாயச் சுத்திகரிப்பு செய்ய வேண்டும். அதற்கு முன் ஏன் கரி அதிகமாகச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்: ஒழுகும் இன்ஜெக்டர், அடைத்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்புவது), ஹோஸ் கசிவு, கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட். ஆயில் குச்சியில் அளவு ஏறியிருந்தால் டீசல் ஆயிலில் கலக்கிறது; ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்னும் பி0420க்குக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள். சரியா?

கடைசியாகச் செய்ய வேண்டியது அது. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் செலவு பெரிது. முதலில் சைலன்சர் பைப்பில் கசிவு இருக்கிறதா, மிஸ்ஃபயர் குறியீடு உடன் இருக்கிறதா, இன்ஜின் ஆயில் குடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு லைவ் டேட்டாவில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரண வகைச் சென்சார் என்றால் முன்னது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பின்னது 0.6 வோல்ட் அளவில் அமைதியாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால்தான் கன்வெர்ட்டர் மீது சந்தேகம் உறுதிப்படும். மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் கெடும்.

ஏபிஎஸ் விளக்கு, ஏர்பேக் விளக்கு பற்றி?

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். திடீரென மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். சேற்று வழியில் போய் வந்த பிறகு எரிந்தால் சக்கரத்தின் வேக சென்சாரில் ஒட்டிய மண்ணைக் கழுவிப் பாருங்கள். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கணவாயில் இறங்கவே கூடாது. ஏர்பேக் சர்க்யூட்டில் வீட்டில் கை வைக்காதீர்கள், மல்டிமீட்டர் முனையும் படக் கூடாது.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடுகிறதே?

அணையும், பழுது அங்கேயே இருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேமும், ஐடிலையும் ட்ரிமையும் பற்றிக் கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்தவையும் சேர்ந்து அழியும். பழுது உண்மையிலேயே தீர்ந்திருந்தால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை தென்படாதபோது விளக்கு தானாகவே அணையும். சுமார் 40 முறை இன்ஜின் சூடேறி ஆறிய பிறகு குறியீடும் நினைவிலிருந்து நீங்கும்.

பெங்களூருவிலிருந்து பழைய கார் வாங்குகிறேன். விளக்கு எரியவில்லை, நம்பலாமா?

விளக்கை மட்டும் நம்பாதீர்கள். விற்பதற்கு முன்தினம் குறியீட்டை அழிப்பது எளிது. ஸ்கேனரில் ரெடினெஸ் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் முதலியவற்றின் சுயசோதனைகள் முடிந்தனவா இல்லையா என்று அது காட்டும். பல சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் குறியீடு அழிக்கப்பட்டிருக்கலாம் அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். பல கார்களில் "குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்" என்ற எண்ணும் கிடைக்கும். ஓடோமீட்டர் எழுபதாயிரத்தைக் காட்டி, இந்த எண் வெறும் 12 கிலோமீட்டர் என்றால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது செக் இன்ஜின் விளக்கு ஒரு கணமாவது எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் விளக்கையே துண்டித்திருக்கக்கூடும்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

"இந்தப் பாகம்தான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று மரியாதையோடு கேளுங்கள். நல்ல மெக்கானிக் மீட்டர் காட்டிய எண்ணையோ லைவ் டேட்டாவையோ காட்டுவார். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். சோதித்துக் கண்டுபிடிப்பதற்கு அவர் தனியாகக் கூலி கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். அது உழைப்புக்கான நியாயமான ஊதியம். கழற்றிய பழைய பாகத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் பழுது தீர்ந்தது என்று எப்படி உறுதி செய்வது?

குறியீட்டை அழித்தபின் பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் ஓட விட்டுப் பார்ப்பது போதாது. பல சோதனைகளைக் கம்ப்யூட்டர் குறிப்பிட்ட நிலைமைகளில் மட்டுமே நடத்தும். பல பழுதுகளை இரண்டாவது ஓட்டத்திலும் கண்ட பிறகே உறுதி செய்யும். ஆகவே இரவு முழுவதும் ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, சற்று நேரம் ஐடிலில் விட்டு, ஊருக்குள் நின்று நின்று ஓட்டி, பிறகு தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை நான்குவழிச் சாலையில் ஒரே சீராக ஓட்டிப் பாருங்கள். இழுவைக் குறை வந்த காராக இருந்தால், ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருந்த அதே சுற்று, அதே சுமை, அதே மேடு கிடைக்கும் சாலையில்தான் சோதிக்க வேண்டும். மறுநாளும் ஒரு முறை இப்படி ஓட்டிவிட்டு ஸ்கேனரைச் செருகி, நிலுவைக் குறியீடுகள் என்னும் பகுதியைப் பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே பழுது தலைகாட்டும் இடம் அது. அங்கே எதுவும் இல்லாமல், ரெடினெஸ் சோதனைகளும் முடிந்திருந்தால் வேலை முடிந்தது.